எடுத்துக் கொடுப்பவன்

வாஹிதுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இலங்கை மலைநாட்டுப் பதுளைக் கடைவீதியில் மாமனார் இப்றாஹீம் முதலாளியின் புடவைக் கடையில் அவனுக்கென்று ஒரு பாய் விரித்திருந்தார்கள். கல்யாணமாகி வருஷங்கள் போயும் அந்தப் பாய் புதிதாகவே இருந்தது. வந்தவர் ஒரு சேலையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அவன் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பான், திரும்பி வந்து முழக்கோலை இடம் மாற்றி வைப்பான், மறுபடியும் வாசலுக்குப் போவான். காலில் சக்கரம் கட்டியவன் என்று எதிர்க்கடைக்காரர்கள் சிரிப்பார்கள். இப்றாஹீம் முதலாளிக்குச் சிரிப்பு வராது. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நம்பகமான ஆள் ஒருவன் அசையாமல் இருக்கட்டும் என்றுதான் அவர் வீட்டோடு மாப்பிள்ளை எடுத்திருந்தார்.

அவன் அசையாமல் நின்றது நோன்பு மாதத்து இரவுத் தொழுகையில் மட்டும்தான். சிறுவயதிலேயே கடல் கடந்து கீழக்கரைப் பக்கம் போய், குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, ஹாபிஸாகத் திரும்பியவன் அவன். அந்த மாதம் முழுக்கத் தொழுகை நடத்தும் பள்ளிவாசல் லெப்பை முன்னால் நின்று, எல்லாருக்கும் முதுகு காட்டியபடி, பார்க்காமல் நீளமாக ஓதுவார். தோளோடு தோள் உரச மற்றவர்கள் பின்னால் வரிசை கட்டி நிற்பார்கள். லெப்பைக்கு ஒரு சொல் தடுமாறினால், சரியான சொல்லை அந்தக் கணமே உரக்க எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வாஹித் அவருக்கு நேர் பின்னால் நிற்பான். அவன் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டு மேலே ஓதுவார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. பிழை காதில் விழுந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு நிற்பவன்தான் குற்றவாளி. வாஹிதின் மனம் எங்கே சுற்றினாலும் தொண்டை மட்டும் விழித்திருக்கும் என்று லெப்பையே சொல்வார்.

நோன்பு முடிந்தால் மறுபடியும் அதே கடை, அதே பாய். நினைத்தாலே அவனுக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் ஊருக்கு ரயில் வரப்போகிறது என்று ஆயிற்று. பண்டாரவளையில் வெகுகாலம் குந்தியிருந்த ரயில் பாதை, ஒருவழியாக எழுந்து, மலையைக் குடைந்து குடைந்து பதுளையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வாஹித் பிற்பகல் அஸர் தொழுததும் கடைக்குத் திரும்பாமல், தண்டவாளம் இன்று எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவான். வெடி வைத்துப் பாறை பிளக்கும் சத்தம் அவனுக்கு இனித்தது. ஸ்டேஷன் கட்டடம் எழும்பியது. பக்கத்திலேயே சரக்குக் கொட்டகைக்குத் தகரம் போட்டார்கள். அந்தக் கொட்டகைக்கு இரண்டு ஆட்கள் எடுப்பார்களாம், இங்கிலீசு வாசித்து எழுதத் தெரிந்திருக்க வேண்டுமாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நாள் முழுக்க நடக்கிற வேலை. மூட்டை இறங்கும் இடத்துக்கும் ஏறும் இடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கலாம். தனக்காகவே யாரோ இந்த வேலையைச் செய்து வைத்த மாதிரி வாஹிதுக்குத் தோன்றியது.

அவன் மனைவி ஹம்ஸியாவுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கொய்யா மரம் நிற்கும் ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடந்தது. புருஷனைத் தன் வாப்பா குத்திப் பேசுவதைச் சோறு போடும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. "அந்த வேல கெடச்சா அடுத்த நாளே போயிருவோம்" என்று சொல்லி, கல்யாணத்துக்கு வந்த ஏனம் பாத்திரங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

எல்லாம் சரிதான், ஆனால் வாஹிதுக்குத் தெரிந்த இங்கிலீசு கடைப் பலகையோடு முடிந்துவிடும். அந்தப் பலகையிலும் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன்தான் பொன்னையா.

பொன்னையா ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அம்மா அங்கம்மா கொழுந்து பறித்து, மிஷன் பள்ளிக்கு அனுப்பி அவனை ஆளாக்கினாள். தோட்டத்து ஆபீஸில் எடுபிடி வேலை கிடைத்தது, இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்குக் கையில் ஓர் அரிப்பு. எங்கே தப்பான இங்கிலீசைக் கண்டாலும் திருத்தாமல் விடமாட்டான். பெரிய கிளாக்கர் எழுதி ஒட்டிய அறிவிப்பைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி, துரை பார்க்கும்படி விட்டுவைத்தான். துரை பார்த்தார், கிளாக்கரும் பார்த்தார், மறுநாள் பொன்னையா வெளியே நின்றான். அதற்குப் பிறகு ஒரு மருந்துக் கடை, ஒரு பேக்கரி. எங்கேயும் நிலைக்கவில்லை. இனி ஓர் இடம் கைநழுவினால், திரும்ப லயத்துக்குப் போய்த் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத்தான் பிடிக்க வேண்டும்.

அவன் ஒருநாள் தெருவில் நின்று, உங்கள் கடைப் பலகையில் ஓர் எழுத்து தப்பு என்று சொன்னான். வேறு யாராக இருந்தாலும் அடிக்கப் போயிருப்பார்கள். வாஹிதுக்கோ, பின்னாலிருந்து சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பவன் நல்ல மனிதன். அவனை உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயது. கொட்டகை வேலைக்கு இருவருமே எழுதுவது, அதற்குள் வாஹிதுக்கு இங்கிலீசு ஏற்றுவது என்று முடிவாயிற்று. இடமும் இரண்டு இருந்தது, இவர்களும் இரண்டு பேர்தான்.

பாடம் கடையின் பின்கட்டில், துணிப் பொதிகளுக்கு நடுவே நடந்தது. பொன்னையாவின் முறை எளிமையானது. அவன் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய வாசகப் புத்தகத்தில் ஒரு கதை. ஒரு வண்டிக்காரன், அவனுடைய இரண்டு மாடுகள், ஒன்று நொண்டி. அதை வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி, சனங்கள் வழக்கமாக விடும் பிழைகளையெல்லாம் போட்டுக் கொடுப்பான். வாஹித் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். துரைமார் பரீட்சை வைப்பதும் இப்படித்தான், அநேகமாக இந்தக் கதையைத்தான் கொடுப்பார்கள், இதை விட்டால் அவர்களிடம் வேறு புத்தகம் இல்லை என்றான்.

முதல் நாள் தப்பான கதையை அவன் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினான். பென்சிலை எடுக்கச் சொன்னபோது, வாஹித் கண்ணை மூடி, உடம்பை மெல்ல ஆட்டியபடி, கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிழையும் குறையாமல் ஒப்பித்தான். மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை, திருத்தத்தான் சொன்னேன் என்று பொன்னையா தலையில் அடித்துக்கொண்டான். எழுதியிருப்பதை எப்படி மாற்றுவது என்று வாஹித் கேட்டான். அவன் படித்த இடத்தில் எழுத்தில் பிழை வராது, வாசிக்கிறவனிடம்தான் பிழை வரும். ஒரு புள்ளியை மாற்றி ஓதினாலும் பிரம்படி விழும்.

மெல்ல மெல்லப் பழகினான். ஒருவன் ஒரு காரியத்தைச் செய்தால் சொல்லின் வாலில் 'ஸ்' ஒட்டும், 'கோ' இல்லை 'கோஸ்', நேற்று நடந்ததை இன்றைய சொல்லால் சொல்லக்கூடாது என்பதெல்லாம் பிடிபட்டது. நோன்பு மாதம் பிறப்பதற்குள் பென்சிலைக் கையில் கொடுத்தால் பிழைகளை ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினான். பொன்னையாவுக்கு வாயெல்லாம் பல். வாஹிதுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

"எங்களுக்கு ஓதித்தந்த உஸ்தாது பிழையான சொல்ல ஒருக்காலும் காதுல விழ விடமாட்டார், பொன்னையா. முதல்ல விழுந்ததுதான் நிக்கும். நீ பிழையானதத்தான் முதல்ல வாசிச்சே. கை சரியா எழுதுது, ஆனா கண்ண மூடினா அதுதான் வாயில வருது."

பொன்னையா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரீட்சை எழுத்தில்தானே, வாயில் இல்லையே என்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பரீட்சை நோன்பு மாதத்தின் நடுவில் வந்தது. பூசி முடியாத சரக்குக் கொட்டகைக்குள்ளேயே வைத்தார்கள். பெஞ்சு கிடையாது. பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, நின்றபடியே குனிந்து எழுத வேண்டும். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சிவந்த முகத்தோடு ரயில்வேத் துரை ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த சிங்களத் தலைமைக் கிளாக்கர். விடியுமுன் ஸஹருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்த வாஹிதுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. இரவெல்லாம் லெப்பைக்குப் பின்னால் நின்றதில் கால் வலித்தது. தாளை வாங்கிப் பார்த்தான். வண்டிக்காரனும் நொண்டி மாடும் அப்படியே இருந்தார்கள். பக்கத்துப் பெட்டியில் பொன்னையா தலையைத் தூக்காமலே சிரித்தான்.

தாள்களைத் திருத்திப் பார்த்த துரைக்கு ஆச்சரியம். இரண்டு தாள்களில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு பெயர்களையும் கூப்பிட்டு, நல்லது என்று தலையாட்டினார். வாஹிதின் மனம் அந்த நொடியே கொய்யா மரத்து வீட்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்தத் துரை வேலையில் சுத்தமான மனிதர். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தார். எல்லாரையும் ஒரு வரிசையாக நிற்கச் சொன்னார். கொட்டகைக்குள் இருட்டாக இருந்ததால் வாசல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, சரியான கதையை உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

பாருங்கள், எப்படி அமைந்தது என்று. முன்னால் ஒருவர் முதுகு காட்டி நின்று ஓதுகிறார். பின்னால் தோளோடு தோள் சேர்ந்த ஒரு வரிசை. நேர் பின்னால் வாஹித், நோன்பு வயிறோடு, அரைக்கண் மூடி நிற்கிறான்.

துரை "கோஸ்" என்றார். வாஹிதின் தொண்டை கணீரென்று "கோ" என்றது.

துரை ஒரு கணம் நின்றுவிட்டு மேலே வாசித்தார். அடுத்த வரியில் அவர் ஒன்று சொல்ல, தொண்டை வேறொன்றை எடுத்துக் கொடுத்தது. வாஹித் என்ற மனிதனுக்கு அதில் பங்கே இல்லை. பதினைந்து நோன்பாக இரவு தவறாமல் விழித்திருந்த தொண்டை, முதலில் விழுந்த கதையை அதன் பிழைகளோடு கட்டிக் காத்தது. பொன்னையா முழங்கையால் இடித்தான். மூன்றாவது முறையும் அது நடந்த பிறகுதான் வாஹிதுக்கு விழிப்பு வந்தது. அதற்குள் துரை திரும்பிவிட்டார்.

முதலில் கேலி செய்கிறான் என்றுதான் அவர் நினைத்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லாதவனுக்கு வாயில் இவ்வளவு பிழை எப்படி வரும்? பக்கத்தில் நின்றவனைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பார்க்க விட்டவனும் கள்ளன்தான். யார் யாரைப் பார்த்தது, இருவரும் சேர்ந்து செய்ததா என்று இப்போதே சொல்லாவிட்டால் இரண்டு தாளையும் கிழித்துப் போடுவேன், எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்க முடியாதபடி எழுதி அனுப்புவேன் என்றார். இருவரும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்று கையை நீட்டித் தடுத்தார்.

வாஹித் கிளாக்கரிடம் சிங்களத்தில் சொன்னான். நோன்பைச் சொன்னான், இரவுத் தொழுகையைச் சொன்னான், லெப்பையைச் சொன்னான். முன்னால் நிற்பவர் தடுமாறினால் பின்னால் நிற்பவன் எடுத்துக் கொடுப்பதையும், முதலில் விழுந்த சொல் போகாததையும் சொன்னான். வேர்த்து விறுவிறுத்துச் சொன்னான். கிளாக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துரையிடம் திரும்பி, அவன் தொழுதுகொண்டிருந்தானாம், சார் என்று மூன்று நான்கு சொற்களில் முடித்துவிட்டார். துரைக்கு முகம் இன்னும் சிவந்தது. நான் கேட்டதற்கு இது பதில் இல்லை என்றார்.

வாஹித் பொன்னையாவைப் பார்த்தான். கவாத்துக் கத்தி பொன்னையாவின் கண்ணில் தெரிந்தது. வாஹிதிடம் இருந்த இங்கிலீசு கொஞ்சம்தான், அதை எங்கெங்கோ தேடிப் பார்த்தான். லெப்பைக்குச் சொல் இல்லை, எடுத்துக் கொடுப்பதற்குச் சொல் இல்லை, தொண்டை தானாகப் பேசியதைச் சொல்லச் சொல்லே இல்லை. கைவசம் இருந்த சொற்களில் அடங்கும்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஐ லுக் ஹிஸ் பேப்பர், சார்" என்றான். "ஹி நோ."

துரை ஒரு தாளைக் கிழித்தார். நோன்பு வாயால் பொய் சொன்ன அந்த ஹாபிஸின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பிழை காதில் விழுந்தால் அந்தக் கணமே எடுத்துக் கொடுக்க வேண்டியவன் பக்கத்திலேயே நின்றான். பொன்னையா வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் பொன்னையா ஓடி வந்து வழியை மறித்தான். "ஏன் வாஹித் நானா இப்புடிச் சொன்னீங்க? நோன்பு வேற வச்சிருக்கீங்க."

"மெய்யச் சொல்ல எனக்கு இங்கிலீசு பத்தல்ல" என்றான் வாஹித்.

திரும்பிப் போய்த் துரையிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறேன் என்று பொன்னையா கொட்டகையைப் பார்த்து நடந்தான். கொஞ்ச தூரம் போய் நின்றான். இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்தான். அம்மா லயத்தில் காத்துக்கொண்டிருப்பாள் என்றான், நாளைக்குச் சொல்கிறேன் என்றான். வாஹித் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். அந்த நாளை அதன் பிறகு வரவேயில்லை.

அன்று இரவுத் தொழுகையில் வாஹித் தன் இடத்தில் நிற்கவில்லை. கடைசி வரிசையில், சுவரோரமாக நின்றான். லெப்பைக்கு நடுவில் ஒரு சொல் தடைப்பட்டு நின்றது. பள்ளிவாசல் முழுக்கக் காத்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து அந்தச் சொல் வந்தது, ஆனால் வழக்கமான கணீர் இல்லை, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரல். ஹம்ஸியாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அழவில்லை. தகரப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. கட்டியது கட்டியபடி இருக்கட்டும் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். மறுநாள் காலையில் இப்றாஹீம் முதலாளி எதையும் விசாரிக்காமல், பாயைத் தட்டி விரித்துப் போட்டார்.

அடுத்த வருஷம் ரயில் வந்தது. கொடியும் மேளமுமாக ஊரே திரண்டு நின்றது. பொன்னையா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்தான். அம்மாவை லயத்திலிருந்து கூட்டி வந்து, அந்தக் கொய்யா மரத்து வீட்டில் குடிவைத்தான். கடைக்கு வரும் துணிப் பொதிகளை எடுக்க வாஹித் வண்டியோடு போக வேண்டும், வழியில் அங்கம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்லா இருக்கீங்களா தம்பி என்று கேட்பாள். ஆமாங்க என்று அவன் சொல்வான்.

ஒரு மாற்றம் மட்டும் ஊருக்கே தெரிந்தது. பொன்னையா இப்போது யாருடைய இங்கிலீசையும் திருத்துவதில்லை. அறிவிப்பில் எவ்வளவு தப்பு இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இன்னொன்றும் உண்டு. வாஹித் கொட்டகைக்குள் நுழைந்தால், எந்த வேலையில் இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான். பொதி வண்டியில் ஏறும்வரை உட்காரமாட்டான். வாஹித் வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

வாஹித் இங்கிலீசை விடவில்லை. கடைக்குத் துணி சுற்றி வரும் பழைய பத்திரிகைகளை வாசலில் நடந்தபடியே வாசிப்பான். இந்த முறை சரியானதை மட்டும் முதலில் காதில் விட்டான். லெப்பைக்கும் சொல் கிடைத்தது, எடுத்துக் கொடுப்பதற்கும் கிடைத்தது. அன்றைக்குச் சொல்ல முடியாததையெல்லாம் அவனால் இப்போது நீட்டி முழக்கிச் சொல்ல முடியும், ஆனால் கேட்பாரில்லை.

ஒருநாள் அந்தச் சிவந்த முகத் துரை மேற்பார்வைக்கு வந்திருந்தார். வாஹித் உள்ளே வந்ததும் பொன்னையா எழுந்து நின்றதைக் கவனித்தார். ஆளையும் அடையாளம் கண்டுகொண்டார். உன்னைப் பார்த்து எழுதிய கள்ளன் அல்லவா இவன், இவனுக்கு ஏன் எழுந்து நிற்கிறாய் என்று இங்கிலீசில் கேட்டார். பொன்னையாவுக்கு நேர் பின்னால்தான் வாஹித் நின்றான். கேள்வி அவனுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

உண்மையைச் சொல்லப் போதுமான இங்கிலீசு பொன்னையாவிடம் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது.

"பழக்கம், சார்" என்றான் பொன்னையா, ஒரு பிழையும் இல்லாத இங்கிலீசில்.

வாஹிதின் தொண்டையில் சரியான சொல் வந்து நின்றது. அவன் குனிந்து, பொதியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தான்.